பிஸ்கட் இறங்குகிறது; கறித்துண்டு ஏன் நிற்கிறது?

வீட்டில் ஒரு விருந்து. உங்கள் பெரியப்பாவுக்கு மூன்று மாதங்களுக்கு முன்புதான் உடல் எடையைக் குறைப்பதற்காக இரைப்பையில் அறுவை சிகிச்சை நடந்தது என்று வைத்துக்கொள்வோம். காலையில் அவர் மூன்று பிஸ்கட்டுகள் சாப்பிட்டார். ஒரு தொல்லையும் இல்லை. மதியம் இலையில் கோழிக்கறி வைக்கிறார்கள். நன்றாக வெந்த கறிதான். இரண்டாவது வாயிலேயே கையை எடுத்துவிட்டார். நெஞ்சுக்கு நடுவே ஏதோ அடைத்தாற்போல் இருக்கிறது என்கிறார். வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கிறது.

“என்ன அண்ணே, ஒரு துண்டுகூட முடிக்கலியே!” என்கிறார் அத்தை. “ஒரு மடக்குத் தண்ணீர் குடிங்க, இறங்கிடும்” என்று இன்னொருவர் செம்பை நீட்டுகிறார். அந்தத் தண்ணீர்தான் அவர் நிலைமையை இன்னும் மோசமாக்கப் போகிறது!

மூன்று பிஸ்கட்டுகளை ஏற்றுக்கொண்ட இரைப்பை அரைத் துண்டு கோழிக்கறிக்கு ஏன் மறுப்புச் சொல்கிறது? கெட்டுப்போன கறி அல்ல. காரம் அதிகம் என்றும் சொல்ல முடியாது. விடையைத் தேட ஒரு சிறு சோதனை செய்து பார்ப்போம்.

இரண்டு டம்ளர்களில் வெதுவெதுப்பான நீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ஒரு சாதாரண பிஸ்கட்டையும் மற்றதில் வெந்த கோழிக்கறித் துண்டு ஒன்றையும் போடுங்கள். பத்து நிமிடம் கழித்து இரண்டையும் கரண்டியால் கலக்குங்கள். பிஸ்கட் கூழாகிவிடும். கறித்துண்டு போட்டபடியே கிடக்கும். வாய்க்குள் இந்த வேறுபாடு இன்னும் அதிகம். உமிழ்நீரில் மாவுப்பொருளைச் சிதைக்கும் அமைலேஸ் என்ற நொதி இருக்கிறது; பிஸ்கட்டை அது வாயிலேயே கரைக்கத் தொடங்கிவிடும். புரதத்தைச் சிதைக்கும் நொதி எதுவும் உமிழ்நீரில் கிடையாது. நீங்கள் எவ்வளவு நேரம் வாயில் வைத்திருந்தாலும் கறி கறியாகவேதான் இருக்கும். அதைச் சிறிதாக்கப் பற்கள் மட்டுமே உண்டு. பற்கள் விட்டதை இரைப்பை பார்த்துக்கொள்ள வேண்டும்.

வயிற்றில் ஒரு சாளரம்

இரைப்பை இந்த வேலையை எப்படிச் செய்கிறது என்பது ஒரு விபத்தின் மூலம்தான் தெளிவாயிற்று. 1822ஆம் ஆண்டு ஜூன் மாதம், வட அமெரிக்காவின் மாக்கினா தீவில், அலெக்சிஸ் சென் மார்ட்டின் என்ற இளைஞரின் விலாவில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. விலங்குத்தோல் வியாபாரக் கம்பெனி ஒன்றின் கூலியாள் அவர். அங்கிருந்த ராணுவ டாக்டர் வில்லியம் போமன்ட் சிகிச்சை அளித்தார். இளைஞர் பிழைத்துக்கொண்டார். ஆனால் இரைப்பையிலிருந்து உடலின் வெளிப்புறம் வரை ஒரு துளை மூடாமலே நின்றுவிட்டது. உள்ளே என்ன நடக்கிறது என்று அதன் வழியாகப் பார்க்கலாம்!

1825 ஆகஸ்டு 1ஆம் தேதி நண்பகலில் போமன்ட் சில உணவுத் துண்டுகளைப் பட்டு நூலில் கட்டித் துளை வழியே உள்ளே விட்டார். பல வகையாகப் பக்குவப்படுத்திய மாட்டிறைச்சி, உப்பிட்ட பன்றிக் கொழுப்பு, பழைய ரொட்டி, பச்சை முட்டைக்கோசு ஆகியவை அதில் இருந்தன. ஒரு மணிக்கு நூலை வெளியே இழுத்தார். ரொட்டியும் முட்டைக்கோசும் பாதி கரைந்திருந்தன. மாமிசத் துண்டுகளில் எந்த மாற்றமும் இல்லை. இரண்டு மணிக்கு மறுபடி பார்த்தபோது ரொட்டியும் கோசும் பன்றிக் கொழுப்பும் வேகவைத்த மாட்டிறைச்சியும் நூலில் இல்லை. மற்ற மாமிசத் துண்டுகள் மட்டும் ஏறக்குறைய அப்படியே இருந்தன.

போமன்ட் பல ஆண்டுகள் இத்தகைய சோதனைகளைச் செய்து 1833இல் நூலாக வெளியிட்டார். (சென் மார்ட்டின் இவற்றை விரும்பிச் செய்யவில்லை; சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டதும் உண்டு. இன்றைய மருத்துவ நெறிகள் இப்படி ஒரு சோதனையை அனுமதிக்க மாட்டா.) மாமிசத்தைக் கரைக்க இரைப்பைக்கும் நேரம் வேண்டும் என்பதை அந்த நூல்கட்டு காட்டியது. 1836இல் தியோடர் ஷ்வான் இரைப்பை நீரிலிருந்து பெப்சின் என்ற பொருளைக் கண்டறிந்தார். புரதத்தை வெட்டும் கத்தரிக்கோல் என்று பெப்சினைச் சொல்லலாம். அது கடுமையான அமிலத்தில்தான் நன்றாக வேலை செய்யும். அந்த அமிலத்தையும் இரைப்பையே சுரக்கிறது.

இரசாயன வேலையோடு இயந்திர வேலையும் சேர்ந்து நடக்கிறது. இரைப்பையின் மேற்பகுதி பலூன்போல விரிந்து, வந்த உணவைச் சேர்த்து வைக்கும் களஞ்சியம். கீழ்ப்பகுதி தடித்த தசைகளைக் கொண்ட அரைவை ஆலை. அதன் வாசலில் பைலோரஸ் என்ற வளையத்தசை காவல் நிற்கிறது. திட உணவு ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு அரைபடும்வரை பெரும்பாலும் வெளியே போக முடியாது. பெரிய துண்டுகளைக் காவல்காரன் திருப்பி அனுப்பிவிடுவான், அவை மீண்டும் அரைபடும். நாம் அவசர அவசரமாக விழுங்கும் பிரியாணித் துண்டுகள் நம்மைத் தொந்தரவு செய்யாமல் இருப்பதற்கு இந்த ஆலையே காரணம்.

ஆலையைச் சுற்றிக்கொண்டு போகும் பாதை

இனி அறுவை சிகிச்சைக்கு வருவோம். வயிற்றுப் புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை எடுத்துவிட்ட நோயாளிகள் எடை குறைவதை டாக்டர்கள் முன்பே கவனித்திருந்தார்கள். அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் எட்வர்ட் மேசன் இதையே சிகிச்சையாக மாற்றலாமே என்று எண்ணினார். உடல்நலத்தைக் கெடுக்கும் அளவுக்கு எடை மிகுந்தவர்களுக்காக 1966இல் அவர் செய்த அறுவைதான் இன்றைய ‘பைபாஸ்’ முறையின் முன்னோடி. இதய பைபாஸுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. மாற்றுப்பாதை என்பதே அச்சொல்லின் பொருள்.

இன்று செய்யப்படும் பைபாஸில் இரைப்பையின் உச்சியில் ஒரு சிறு பையை மட்டும் தனியாகப் பிரித்துவிடுகிறார்கள். அதன் கொள்ளளவு சுமார் 30 மில்லிலிட்டர்; இரண்டு மேசைக்கரண்டி அளவுதான். வயிறு நிறையச் சாப்பிடும்போது சாதாரண இரைப்பை ஒரு லிட்டருக்கு மேலும் கொள்ளும் என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். சிறுகுடலை மேலே இழுத்து இந்தப் பையோடு நேரே இணைக்கிறார்கள். இணைப்புத் துளையின் அகலம் சுமார் ஒன்று முதல் ஒன்றரை செ.மீ.; ஏறக்குறைய சுண்டு விரல் பருமன். மீதி இரைப்பை உடலுக்குள்ளேயே இருக்கும், ஆனால் உணவு அந்தப் பக்கம் போகாது. அமிலம் சுரக்கும் பெரும்பகுதி, அரைக்கும் ஆலை, காவல் நிற்கும் பைலோரஸ் எல்லாமே மாற்றுப்பாதையில் விடுபட்டுப்போகின்றன.

இன்னொரு முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, சட்டைக்கை போன்ற ஒல்லியான குழாயாக விட்டுவிடுகிறார்கள். ‘ஸ்லீவ்’ என்று இதற்குப் பெயர். 2000க்குப் பிறகு வேகமாகப் பரவி, இன்று உலகில் மிக அதிகமாகச் செய்யப்படுவது இதுதான். இதில் பைலோரஸ் மிஞ்சுகிறது, அரைக்கும் பகுதியிலும் கொஞ்சம் மிஞ்சுகிறது. விரிந்துகொடுக்கும் களஞ்சியம்தான் போய்விடுகிறது. அதனால் சிறிது உணவுக்கே உள்ளே அழுத்தம் கூடிவிடும்.

“பெப்சின் இல்லாவிட்டால் புரதம் ஜீரணமாகாதே?” என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. கணையம் சுரக்கும் டிரிப்சின், கைமோடிரிப்சின் ஆகிய நொதிகள் புரதத்தைச் சிதைக்கும் வேலையைச் சிறுகுடலில் செய்துமுடித்துவிடும். நமக்கும்கூட அந்த வேலையின் பெரும்பகுதி சிறுகுடலில்தான் நடக்கிறது. ஆகவே பெரியப்பாவின் தொல்லை ஜீரணத்தில் இல்லை. அரைபடாத துண்டு சுண்டு விரல் பருமனான வழியில் போக முடியாமல் நிற்கிறது, அவ்வளவுதான்.

அப்படி நிற்கும்போது உணவுக்குழாய் அதைத் தள்ள முயன்று இறுகுகிறது. நெஞ்சில் வலி உண்டாகிறது. வாயில் எச்சில் பெருகுகிறது. அந்த எச்சிலும் கீழே இறங்க வழியில்லாமல் நுரைத்து மேலே வருகிறது. கடைசியில் வாந்தி. புரையேறினால் தலையில் தட்டித் தண்ணீர் கொடுப்பது நம் வழக்கம். இங்கே மூச்சுக்குழாயில் ஒன்றும் போகவில்லை. அடைப்பு உணவுப் பாதையில் இருக்கிறது. அடைத்த குழாயின் மேல் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும்? தண்ணீர் அதன் மேலேயே நிற்கும், அழுத்தம் கூடும், வலி அதிகமாகும். செய்யவேண்டியது, சாப்பிடுவதை அப்போதே நிறுத்திவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்தோ மெல்ல நடந்தோ காத்திருப்பதுதான். பெரும்பாலும் சிறிது நேரத்தில் துண்டு தானே இறங்கிவிடும், அல்லது மேலே வந்துவிடும். வலி விடவில்லை, எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை என்றால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போகவேண்டும். உள்நோக்குக் குழாயைச் செலுத்தித் துண்டை எடுத்துவிடுவார்கள். இப்படி அடிக்கடி நேர்ந்தால், இணைப்புத் துளை தழும்பேறிச் சுருங்கியிருக்கிறதா என்றும் டாக்டர் பார்க்கவேண்டும்.

கறியை விட்டுவிட்டால் என்ன?

இத்தனை தொல்லை எதற்கு, பேசாமல் கறியை நிறுத்திவிட்டால் போயிற்று என்று தோன்றும். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். அறுவைக்குப் பின் முதல் சில மாதங்களில் பலருக்குக் கறியின் வாசனையே பிடிக்காமல் போவதும் உண்டு. ஆனால் கறியின் இடத்தில் எது வந்து உட்காருகிறது என்பதைக் கவனிக்கவேண்டும். சுலபமாக இறங்குவது பிஸ்கட், ஐஸ்கிரீம், அல்வா, வறுத்த நொறுக்குத் தீனி. இவை கூழாகி வழுக்கிக்கொண்டு போய்விடும். சிறு பை நிறைந்த உணர்வே வராது. எடை குறைக்க அறுவை செய்துகொண்டவர் சில ஆண்டுகளில் மறுபடி எடை கூடுவதற்கு இந்த வழுக்கும் உணவுகளும் ஒரு காரணம்.

இன்னொரு பக்கம், உடல் வேகமாக இளைக்கும்போது கொழுப்பு மட்டும் கரைவதில்லை, தசையும் கரைகிறது. அதைத் தடுக்க நாளுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும் என்கிறார்கள் டாக்டர்கள். புரதம் குறைந்தால் உடல் தளரும், முடி கொட்டும். வெந்த கோழிக்கறி 30 கிராமில் சுமார் 8 கிராம் புரதம் இருக்கிறது. ஒரு முட்டையில் 6 கிராம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: இரண்டு மேசைக்கரண்டி அளவுள்ள பையை வைத்துக்கொண்டு 60 கிராமை எட்டுவது எவ்வளவு கடினம்! அதனால்தான் ஒவ்வொரு வாயும் கணக்கில் வருகிறது.

இதோடு இரும்புச் சத்தும் பி12 வைட்டமினும் சேர்ந்துகொள்கின்றன. இரும்பு பெரும்பாலும் உறிஞ்சப்படும் இடம் முன்சிறுகுடல். பைபாஸில் உணவு அந்த வழியே போவதில்லை. பி12 உறிஞ்சப்படுவதற்கு வேண்டிய ஒரு புரதத்தை இரைப்பைச் சுவர்தான் சுரக்கிறது. இரண்டு சத்துகளும் நிறைந்த உணவு மாமிசம். எது மிகவும் வேண்டியதோ அதுவே இறங்க மறுக்கிறது! மாத்திரைகளும் ஊசிகளும் இக்குறையைப் பெரும்பாலும் ஈடுசெய்யும். கறி சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அவற்றை டாக்டர் சொன்னபடி வாழ்நாள் முழுவதும் எடுத்துக்கொள்ளவேண்டும். சைவ உணவுக்காரர்கள் பால், தயிர், பனீர், பருப்பு இவற்றைக் கொண்டு சமாளிக்கிறார்கள். கறி உண்டு பழகியவருக்கு அதை மீட்டுக்கொடுக்க வழி உண்டா என்பதுதான் நம் கேள்வி.

ஆலை அடுப்படிக்கு வருகிறது

வழி உண்டு. இரைப்பை செய்துவந்த வேலையை அடுப்பும் கத்தியும் பல்லும் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

கறித்துண்டை உற்றுப் பாருங்கள். நூல்நூலாகப் பிரியும் அல்லவா? அவை தசை இழைகளின் கட்டுகள். அந்தக் கட்டுகளை உறைபோட்டுப் பிணைத்திருப்பது கொலாஜன் என்ற உறுதியான புரதம். சூடேறும்போது இரண்டு மாற்றங்கள் நிகழ்கின்றன. அவை ஒன்றுக்கொன்று எதிரானவை. தசை இழைகள் சுருங்கித் தம்மிடமுள்ள நீரைப் பிழிந்து வெளியேற்றுகின்றன. கறி வறண்டு கெட்டியாகிறது. கொலாஜனோ ஈரமான சூட்டில் நெடுநேரம் இருந்தால் மெல்ல மெல்ல ஜெலட்டினாக இளகிவிடும்; அப்போது இழைகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து கறி மிருதுவாகிறது.

ஆட்டுக்கறியில் கொலாஜன் அதிகம். ஆகவே குழம்பில் நெடுநேரம் கொதிக்கவேண்டும். பிரஷர் குக்கரில் வெப்பநிலை 120 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஏறுவதால் அதே வேலை விரைவில் முடியும். கரண்டியால் அழுத்தினால் நூலாகப் பிரிந்துவிட வேண்டும், அதுதான் பதம். கோழியின் நெஞ்சுக்கறியில் கதை வேறு. அதில் கொலாஜனும் குறைவு, கொழுப்பும் குறைவு. அதிக நேரம் வேகவைத்தால் இளகுவதற்கு ஒன்றும் இல்லாமல் வறட்சி மட்டுமே மிஞ்சும். விருந்தில் பெரியப்பாவைத் தடுத்து நிறுத்தியது பெரும்பாலும் இந்த நெஞ்சுக்கறியாகத்தான் இருக்கும்! வறண்ட இழைகளை மென்றால் கூழாவதில்லை, பஞ்சுபோல் திரண்டுகொள்ளும். நேற்றைய கறியை இன்று சுடவைத்தால் எஞ்சிய ஈரமும் போய்விடும். கோழியில் தொடைக்கறியே இவர்களுக்கு ஏற்றது, அதுவும் குழம்பின் ஈரத்தோடு.

கத்தியின் பங்கும் சிறிதல்ல. இழைகள் ஓடும் திசைக்குக் குறுக்கே வெட்டினால் நீண்ட நூல்கள் குட்டையாகிவிடும். இதையே கடைசி எல்லைவரை கொண்டுபோனால் கொத்துக்கறி. மீன் இன்னும் மேல். மீன்தசையின் இழைகள் குட்டையானவை, அடுக்கடுக்காக அமைந்தவை. அடுக்குகளுக்கு இடையிலுள்ள கொலாஜன் அளவில் குறைவு, சீக்கிரமும் இளகிவிடும். எனவே வெந்த மீன் தொட்டாலே இதழ் இதழாக உதிர்கிறது. அறுவைக்குப் பின் முதல் இரண்டு வாரம் நீராகாரம், பிறகு மசித்தது, பிறகு மென்மையானது, ஆறு முதல் எட்டு வாரத்தில் மெல்ல மெல்லத் திட உணவு என்று படிப்படியாகப் போவார்கள். இதில் முட்டையும் மீனும் முன்னால் வரும். ஆட்டுக்கறியும் மாட்டுக்கறியும் கடைசியில் வரும். இதற்குக் காரணம் இப்போது உங்களுக்கே விளங்கியிருக்கும்.

நம் சமையலறையில் வேறொரு தந்திரமும் உண்டு. முற்றிய கறியோடு பப்பாளிக்காய் சேர்ப்பார்கள். அதன் பாலில் உள்ள பப்பாயின், பெப்சினைப் போலவே புரதத்தை வெட்டும் நொதி. இரைப்பை செய்யவேண்டிய வேலையில் ஒரு பங்கைச் சட்டியிலேயே முடித்துவிடுகிறது என்று சொல்லலாம். தொண்டைக்குக் கீழே சிக்கிய கறித்துண்டைக் கரைக்க இதே பப்பாயின் கரைசலை டாக்டர்கள் ஒரு காலத்தில் குடிக்கக் கொடுத்ததும் உண்டு. உணவுக்குழாயும் தசைதானே! கறி எது, குழாய் எது என்று நொதி பார்ப்பதில்லை. குழாயின் சுவரே சேதமடைந்த நிகழ்ச்சிகள் ஏற்பட்டதால் இன்று அந்த முறையை டாக்டர்கள் ஆதரிப்பதில்லை. பப்பாளி சட்டியோடு நிற்கட்டும்.

“கறி இறங்கவில்லையா, ஆட்டுக்கால் சூப் கொடுங்கள், அதில்தான் எல்லாச் சத்தும் இருக்கிறது” என்பார்கள். இதில் எனக்கு உடன்பாடில்லை. தெளிந்த சூப்பில் பெரும்பகுதி நீர்தான். அதிலுள்ள ஜெலட்டினில் டிரிப்டோபேன் என்ற இன்றியமையாத அமினோ அமிலம் இல்லை. எனவே அது கறிக்கு ஈடாகாது. சுவைக்காகக் குடிக்கலாம்.

இலையில் நடக்கவேண்டியது

வாயின் பங்கு எளிது. ஆனால் பழக்கத்துக்கு வருவது கடினம். ஒரு வாய்க்கு ஒரு கொண்டைக்கடலை அளவு கறி போதும். இருபது முப்பது முறை மென்று கூழானபின் விழுங்கவேண்டும். கூழாகாத நாரை விழுங்காமல் எடுத்துவிடலாம். இதற்கு யாரும் முகம் சுளிக்க வேண்டியதில்லை. ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் இடையே கொஞ்சம் இடைவெளி விடவேண்டும். சாப்பாட்டுக்கு இருபது முதல் முப்பது நிமிடம் ஆகலாம். சாப்பிடும்போது தண்ணீர் கூடாது. முடித்து அரை மணி கழித்துக் குடிக்கலாம். நிறைந்துவிட்டது என்ற முதல் அறிகுறி தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். சிலருக்கு அது விக்கலாக வரும், சிலருக்கு மூக்கில் நீர் ஒழுகும், சிலருக்கு நெஞ்சில் லேசான அழுத்தம். அதற்கு மேல் ஒரே ஒரு வாய் போதும், விருந்தின் நடுவே எழுந்து ஓட! பல் சரியில்லாதவர் முதலில் பல் டாக்டரைப் பார்க்கவேண்டும். அவருக்குப் பல்தான் இப்போது ஆலை.

நாளாக ஆகப் பை சற்று விரிந்துகொடுக்கும், மெல்லும் பழக்கமும் படியும். முதல் மாதங்களில் கறியே ஆகாது என்றிருந்தவர்களில் பலர் ஓராண்டு கழித்து வேண்டிய கறிகளைச் சிறிதளவு சாப்பிடுகிறார்கள். வறண்ட கறியும் ரொட்டியும் மட்டும் சிலருக்குக் கடைசிவரை ஒத்துவருவதில்லை. ரொட்டி வாயில் ஈரப்பட்டு மாவுருண்டையாகத் திரண்டுகொள்வதுதான் காரணம்.

இந்த மெல்லும் கணக்கையெல்லாம் தம் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு நடுவே ஒருவர் கடைப்பிடிப்பது எவ்வளவு சிரமம் என்பது விருந்துக்குப் போய்வந்தவர்களுக்குத் தெரியும். “இவ்வளவுதானா?” என்று ஒருவர் கேட்டால் போதும், கை தானாக வேகமெடுத்துவிடும். அத்தை செய்யக்கூடிய பெரிய உதவி ஒன்று உண்டு. சுறாமீனை வேகவைத்து, தோலும் முள்ளும் நீக்கி, உதிர்த்து, வெங்காயமும் மிளகும் சேர்த்து வதக்கினால் சுறாப்புட்டு. நாரும் இல்லை, மெல்லவும் எளிது. மற்றவர்களுக்கு இலை போடுமுன்பே அதில் இரண்டு மேசைக்கரண்டியை ஒரு சிறு தட்டில் வைத்துக் கொடுத்துவிடலாம். மற்றவர்கள் பாயசத்துக்கு வரும்போது பெரியப்பாவும் சாப்பிட்டு முடித்திருப்பார்.